மலையேறும் நாளின் காலை மாத்திரை

சித்ரா பௌர்ணமி அன்று குமுளி விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துக்கொள்ளும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், சுமார் 1,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். பக்தர்கள் அங்கே போக ஆண்டுக்கு இந்த ஒரு நாள்தான் அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஏறும். கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து நடந்தே ஏறுகிறவர்களுக்கு ஆறு கிலோமீட்டருக்கும் மேலான காட்டுப்பாதை. நான் குமுளியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். அன்றைய தினம் எனக்கு விடுமுறை கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாளில், கம்பம் பக்கத்திலிருந்து வந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை ஜீப்பில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். நெற்றி முழுவதும் திருநீறு. சட்டை பிழிந்தெடுக்கலாம் போல வியர்வையில் நனைந்திருந்தது. கோயில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் திடீரென்று ஏதேதோ பேசினாராம், பக்கத்தில் இருந்தவரைத் தள்ளிவிட்டாராம், உடம்பு நடுங்கியதாம். சுற்றி நின்றவர்கள் அருள் வந்துவிட்டது என்று கைகூப்பி, கற்பூரம் ஏற்றி, நெற்றியில் நீறு பூசியிருக்கிறார்கள். அதில் கால் மணி நேரம் போயிருக்கிறது. கண் சொருகி விழுந்த பிறகுதான் தூக்கியிருக்கிறார்கள்.

விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை 38. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்தினோம். சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து, "கோயில் வந்துவிட்டதா?" என்று கேட்டார். அவருடைய மனைவி அழுதுகொண்டே சொன்னார்: "சாமி கும்பிட்ட பிறகுதான் பச்சைத் தண்ணீரே குடிப்பேன் என்று நேர்ந்துகொண்டார், டாக்டரம்மா. சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. நாலு மணிக்கே நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

மாத்திரையை ஒருநாளும் தவறவிடாதீர்கள் என்று அந்தக் குடும்பத்துக்கு எந்த மருத்துவரோ ஓயாமல் சொல்லியிருப்பார். நானும் என் நோயாளிகளிடம் அதைத்தான் சொல்கிறேன். மலையேறும் நாளுக்கு அந்தக் கணக்கு வேறு என்பதைச் சொல்லத் தவறுகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. ஏறும் கால்களோ இன்சுலின் உதவி இல்லாமலேயே இரத்தத்தின் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். வெறும் வயிறு, மாத்திரை, செங்குத்தான ஏற்றம் மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு; தொடையில் போட்டுக்கொண்டு உடனே நடந்தால் அது வழக்கத்தைவிட வேகமாக உடலில் கலக்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அச்சம் மிகக் குறைவு. ஆனால் இப்போது பெரும்பாலான சீட்டுகளில் இரண்டு மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வருகின்றன. அட்டையைத் திருப்பி, அதில் என்னென்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

இன்னொரு வகை மாத்திரையும் பரவலாகிவிட்டது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. கூடவே நீரும் போகும். இவற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்து, வெயிலில் வியர்த்து நடக்கும்போது, அரிதாகச் சிலருக்கு இரத்தத்தில் அமிலம் கூடிவிடும். சர்க்கரைமானியில் அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் வீட்டார் ஏமாந்துபோவார்கள். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு இருந்தால் தாமதிக்கக் கூடாது.

இதற்காக யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். குறிப்பாக மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற இதய மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது நெஞ்சுவலியில் கொண்டுபோய்விடும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் மருத்துவரைப் பார்த்து, "நான் இன்ன மலைக்குப் போகிறேன், இத்தனை மணி நேரம் நடப்பேன், இத்தனை மணி வரை சாப்பிட மாட்டேன்" என்று சொல்லுங்கள். எதைக் குறைப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று அவர் சொல்வார். இந்த இதய மாத்திரைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் அவை மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை கொட்டினால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

உட்கார்ந்ததும் என்ன கொடுப்பது? மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியையோ சீனியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் பொறுத்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. கடலை மிட்டாய் நல்ல தின்பண்டம்தான், ஆனால் அவசரத்துக்கு உதவாது; கடலையின் கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் பிஸ்கட்டும், சர்க்கரை சேர்க்காத பானங்களும் அந்த நேரத்தில் பயன்படாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாகனம் வரும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அன்று விழுந்தவரை மறுநாள் காலை வரை நான் அனுப்பவில்லை. "அதுதான் தெளிந்துவிட்டாரே" என்று உறவினர்களுக்குக் கோபம். அவர் சாப்பிட்டிருந்தது கணையத்தைத் தூண்டும் மாத்திரை; அதன் வேலை ஒரு நாள் வரை நீளும். குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி இறங்கும். அவருக்கும் இரவு பதினொரு மணிக்கு இறங்கியது.

கோயில் நாளில் மட்டும் நடப்பதல்ல இது. சத்திரத்திலிருந்து புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடக்கும் மாலைக்காரர்களிடமும், பீர்மேட்டுக்கு அருகே பருந்துப்பாறையில் மகரஜோதி பார்க்கக் காலையிலிருந்தே இடம்பிடித்துக் காத்திருப்பவர்களிடமும், செல்லார்கோவிலிலிருந்தும் ராமக்கல்மேட்டிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்க வரும் குடும்பங்களிடமும் இதையேதான் பார்க்கிறேன். ராமக்கல்மேட்டில் கூடுதலாகக் காற்று. காற்றாலைகள் சுழலும் அளவுக்கு வீசும் அந்தக் காற்றில் வியர்வை சுரந்த கணமே உலர்ந்துவிடும். "வியர்க்கவே இல்லையே டாக்டர், எப்படித் தண்ணீர் வற்றும்?" என்று கேட்கிறார்கள். உதட்டைப் பார்த்தால், சிறுநீரின் நிறத்தைக் கேட்டால் தெரிந்துவிடும். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இங்கேதான் தலைசுற்றி விழுகிறார்கள். அதுவும் பாறை விளிம்பில்.

உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பையில் இருக்கட்டும். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டி உப்புக் கரிக்கக் கரிக்கக் குடிப்பது நல்லதல்ல. சர்க்கரை நோயாளி இதைக் குடிக்கலாமா என்ற தயக்கமும் வேண்டாம். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. காட்டுக்குள் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டிலில் கரைத்து எடுத்துப் போங்கள்.

மூச்சு வாங்கினால் "மேலே ஆக்சிஜன் குறைவு" என்று சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட வேண்டும். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். மங்கலதேவி மலை அதில் பாதிதான். இங்கே ஒருவருக்குப் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் காரணத்தை இதயத்திலோ நுரையீரலிலோ இரத்தசோகையிலோ தேட வேண்டும். பருந்துப்பாறையில் பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்த ஒரு பெண்ணை, "மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்று என்னிடம் அழைத்துவந்தார்கள். ஹீமோகுளோபின் 6 கிராம். ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். மாதவிடாயில் அளவுக்கு மீறிய போக்கு இருப்பதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமலே இரண்டு வருடங்கள் ஓட்டியிருக்கிறார். நெஞ்சில் பாரமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ இருந்தால் வாயு என்று சோடா தேடாதீர்கள். ஏறுவதை நிறுத்துங்கள், நடத்தி இறக்காதீர்கள், ஜீப்புக்குச் சொல்லுங்கள்.

வேண்டுதலாக வெறுங்காலுடன் ஏறுகிறவர்களிடம் எனக்கு ஒரு மன்றாட்டு. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சித்திரை வெயிலில் கொதிக்கும் பாறை அவர்களைச் சுடாது. தோல் மட்டும் வெந்துபோகும். மூன்றாம் நாள் காலுறையில் நீர் ஒட்டும்போதுதான் பார்ப்பார்கள். அப்படி வந்தவர்களில் இருவருக்கு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மலை வரைக்கும் செருப்போடு வாருங்கள். சன்னிதிக்கு முன் கழற்றிக்கொள்ளலாம்.

அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் அடுத்த ஆண்டும் வந்தார், பௌர்ணமிக்கு எட்டு நாள் முன்பாகவே. மனைவியின் கையில் மாத்திரைப் பெட்டி. அன்று காலை எதைச் சாப்பிட வேண்டாம், இறங்கிய பிறகு எதைச் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். விரதத்தை மட்டும் எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். அந்த அம்மாவே சொன்னார்: "அதை எங்கள் அத்தை தீர்த்துவிட்டார், டாக்டரம்மா. பாலும் இரண்டு வாழைப்பழமும் விரதத்தில் சேர்த்திதானாம். எண்பத்திரண்டு வயது அவருக்கு. அவர் சொன்னால் இவர் மறுபேச்சு பேச மாட்டார்."