உறைபனிக் காலையில் லிப்போ பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றலாமா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை ஒட்டிய தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும். வானத்தில் மேகம் இருக்காது. பொழுது விடிந்ததும் வெயில் சுள்ளென்று விழும். கேரட் தோட்டத்தில் உறைபனியைக் கண்காணிக்க ஒரு சின்னக் கருவி நிறுத்தி, அதற்கு சோலார் பேனலும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் மாட்டியிருந்தால், பேனலுக்கு அது நல்ல நேரம். பேட்டரிக்கோ ஆகாத நேரம்.

குளிரக் குளிர சிலிக்கான் பேனலின் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம். பேட்டரிக்குள் கதை வேறு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் எதிர்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார வேண்டும். பூஜ்ய டிகிரிக்குக் கீழே அந்த நுழைவு மந்தமாகிவிடும். கூட்ட நேரத்து பஸ்ஸில் உள்ளே போக முடியாதவர்கள் படியில் தொங்குவதுபோல, அயனிகள் வாசலிலேயே தேங்கி உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வராது. ஊசிபோல வளர்ந்து நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் வில்லங்கம். குளிரில் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதில் பெரிய கேடில்லை, ஏற்றுவதில்தான்.

சரி, முறையாக ஏற்றுவது எப்படி? 1000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 500 மில்லி ஆம்பியர் நிதானமான அளவு. 4.2 வோல்ட்டை எட்டியதும் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொள்ள, மின்னோட்டம் தானாகக் குறையும்; பத்தில் ஒரு பங்கானதும் நிறுத்திவிட வேண்டும். 4.2-ஐத் தாண்டினால் உள்ளே அயனிகளைக் கடத்தும் மின்பகுபொருள் சிதைந்து வாயு கிளம்பும். லிப்போவுக்கு இரும்புக் கூடு கிடையாது, வெறும் ஃபாயில் பைதான், அதனால் உப்பிவிடும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மலிவான நீல நிற டிபி4056 சார்ஜிங் மாட்யூல் எங்கும் கிடைக்கிறது. ஆனால் அது பொதுவாக 1000 மில்லி ஆம்பியருக்கு அமைந்து வரும், சின்ன பேட்டரிக்கு அந்த அளவைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரை மாற்றியாக வேண்டும். உள்ளீட்டு எல்லை 8 வோல்ட். 6 வோல்ட் என்று விற்கும் பேனலே வெறுமனே வெயிலில் 7-ஐத் தாண்டும், உறைபனிக் காலையில் இன்னும் மேலே போகும். இன்னொன்று, வெப்பநிலை பார்க்கும் கால் (பின்) அந்த சிப்பில் உண்டு. மாட்யூலில் அதை கிரவுண்டோடு சேர்த்து முடக்கியே விற்கிறார்கள். சமவெளியில் இது உறைக்காது. இங்கே அந்தக் கால்தான் முக்கியம். கருவியே வெப்பநிலை அளப்பதால், பேட்டரி மேல் ஒரு தெர்மிஸ்டரை (வெப்பநிலையை உணரும் சின்ன ரெசிஸ்டர்) ஒட்டி, 5 டிகிரி தாண்டும்வரை பேனலைத் துண்டிக்கும்படி புரோகிராம் எழுதிவிடலாம். மேல் எல்லை 45 டிகிரி.

பேட்டரியைப் பேனலின் முதுகில் ஒட்டாதீர்கள். திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் பேனல் இரவில் வெப்பத்தை வீசி வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். பெட்டியைப் புல்மட்டத்திலும் வைக்க வேண்டாம், கம்பத்தில் ஆள் உயரத்தில் கட்டுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குறிப்பாக கூடலூர், அவலாஞ்சிப் பக்கம், தொல்லை நேர்மாறு. மழையும் மூட்டமும் விடாததால் பேட்டரி காலியாகிக்கொண்டே போகும். 3 வோல்ட்டில் கருவி தானே அணையும்படி வையுங்கள். அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கிக் கிடந்த பேட்டரிக்குள் இருக்கும் செம்புத் தகடு கரைந்திருக்கலாம். அதற்கு மறுபடி சார்ஜ் போட்டு உயிர் கொடுக்கப் பார்ப்பதைவிட, புதிது வாங்குவதே மேல்.