ஹுவான் சோட்டோவுக்கு மூன்று விலை

2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி பேட்டிங் நட்சத்திரம் ஹுவான் சோட்டோவை 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலருக்கு எடுத்தது. பேஸ்பால் பார்க்காதவர்கள்கூட "ஒரு ஆளுக்கு இவ்வளவா?" என்று கேட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அதே சோட்டோவை சான் டியேகோ பாட்ரேஸ் அணி வாங்கியபோது கொடுத்தது ஐந்து இளம் வீரர்களை. பெரிய டிரேட் (அணிகளுக்குள் வீரர் பரிமாற்றம்) என்று பேசினார்கள், விலை அதிகம் என்று வெளியாட்கள் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. டாலர் குறி இல்லாத எதையும் நம் மூளை விலையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நான் மதிப்பீட்டுத் தொழிலில் இருக்கிறேன். ஒரு கம்பெனி கை மாறும்போது, பத்து வருஷம் கழித்து வரப்போகும் பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. நியூ ஜெர்சியில் வேலை என்பதால் ஆபீஸில் பாதிப் பேர் மெட்ஸ், பாதிப் பேர் யாங்கீஸ். ஜூலை கடைசியில் டிரேட் கெடு நெருங்கினால் என் மேஜைக்கு வந்து லாபமா நட்டமா என்று கேட்பார்கள். என் தொழிலில் அடிக்கடி பார்ப்பது இது: ரொக்கம் கொடுத்து இன்னொரு கம்பெனியை வாங்குகிறவர் ஒவ்வொரு ரூபாய்க்கும் பேரம் பேசுவார். தன் பங்கைக் கொடுத்து வாங்குகிறவர் தாராளமாக இருப்பார். பங்கு குறைவது உடனே உறைக்காது. பேஸ்பாலில் அந்தப் பங்கின் இடத்தில் இருப்பவர்கள் ப்ராஸ்பெக்ட்கள், அதாவது உச்ச மட்டமான மேஜர் லீகுக்குக் கீழே, மைனர் லீகில் வளர்ந்துகொண்டிருக்கும், நாளைக்குப் பெரிய ஆளாக வருவார் என்று அணி நம்பும் பையன்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜர் லீகில் ஆறு வருஷ சர்வீஸ் முடித்தால்தான் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, விரும்பிய அணியோடு பேரம் பேச முடியும். அதுவரை அவர் அந்த அணியின் ஆள். முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான் (2025-இல் 7.6 லட்சம் டாலர்). அப்புறம் மூன்று வருஷம் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) என்ற முறையில் சம்பளம் படிப்படியாக ஏறும். சந்தையில் வருஷத்துக்கு மூன்று கோடி டாலர் கேட்கக்கூடிய ஒருவர் தன் இரண்டாவது வருஷத்தில் ஏழெட்டு லட்சத்துக்கு ஆடிக்கொண்டிருப்பார். இந்த இடைவெளிதான் ப்ராஸ்பெக்டின் உண்மையான மதிப்பு.

அணிகள் இதை எவ்வளவு துல்லியமாக எண்ணுகின்றன என்பதற்கு க்ரிஸ் பிரையன்ட் போதும். ஒரு வருஷ சர்வீஸ் என்றால் 172 நாள். 2015-இல் சிகாகோ கப்ஸ் அவரை சீசன் தொடங்கிச் சில நாள் கழித்து மேலே, அதாவது மேஜர் லீகுக்கு, கூப்பிட்டது. அந்த வருஷம் அவருக்குக் கிடைத்தது 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் ஒரு முழு வருஷம் கூடுதலாக அணிக்குக் கட்டுப்பட்டார். முறையிட்டுப் பார்த்தார், 2020-இல் தோற்றார்.

சரி, சோட்டோவுக்கு வருவோம்.

2022 கோடையில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவருக்கு 15 வருஷம், 44 கோடி டாலர் என்று சொல்லிப் பார்த்தது. அவர் மறுத்துவிட்டார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஜாஷ் பெல்லோடு சேர்த்து அவரை பாட்ரேஸுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்தவர்கள் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசெல், ஹார்லின் சுசானா, கூடவே மூத்த வீரர் லூக் வாய்ட். வாய்ட் உள்ளே வந்த கதை தனி. முதலில் போகவேண்டியவர் எரிக் ஹாஸ்மர். 2018-இல் பாட்ரேஸ் 8 வருஷம், 14.4 கோடி டாலர் கொடுத்து எடுத்த ஃப்ரீ ஏஜென்ட் அவர். அந்தச் சுமையை இந்த டிரேடோடு தள்ளிவிடப் பார்த்தார்கள். தன்னைச் சில அணிகளுக்கு அனுப்பக்கூடாது என்று ஒப்பந்தத்தில் அவருக்கு உரிமை இருந்தது. வாஷிங்டன் அந்தப் பட்டியலில் இருந்தது. அவர் முடியாது என்றதும், மீதிச் சம்பளத்தைக் கிட்டத்தட்ட முழுக்கத் தாங்களே கட்டி பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். ஃப்ரீ ஏஜென்சி ஒப்பந்தத்தின் பின்பாதி எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது.

இந்த டிரேடில் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டது ஜேம்ஸ் வுட்டுக்குத்தான். அன்று அவருக்கு வயது 19. மைனர் லீகின் கீழ்ப்படியான லோ-ஏ பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார். முதல் கேள்வி, மேஜர் லீகுக்கு வந்து சேர எத்தனை வருஷம்? குறைந்தது இரண்டு என்று வைத்தேன். அந்த இரண்டு வருஷத்துக்கு ஒரு கழிவு. வந்தபிறகு ஆறு வருஷத்துக்கு மேல் குறைந்த சம்பளத்தில் கிடைப்பார், அது வரவு. கடைசியாக, வராமலே போகும் வாய்ப்பு. பெரும்பாலான ரசிகர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். லோ-ஏ பையன்களில் பெரும்பாலோர் நட்சத்திரமாவதில்லை, பலர் மேஜர் லீக் மைதானத்தையே மிதிப்பதில்லை. ஆகவே அவருடைய மதிப்பைப் பாதிக்கும் கீழே வெட்டினேன். வெட்டிய பிறகும் மிச்சம் இருந்தது கோடிக்கணக்கான டாலர். ஒருவருக்கே இவ்வளவு என்றால், ஐந்து பேரைக் கூட்டிப் பாருங்கள். பதிலுக்கு பாட்ரேஸுக்குக் கிடைத்தது சோட்டோவின் இரண்டு முழு சீசனும் இரண்டு மாதமும்தான். அதற்கும் அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

வுட் 2024 ஜூலை 1-ஆம் தேதி மேலே வந்தார். ஏப்ரம்ஸ் 2024-இல் ஆல் ஸ்டார், அதாவது அந்த சீசனின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர். 2025-இல் வுட்டும் கோரும் ஆல் ஸ்டார். ஒரு டிரேடில் மூன்று ஆல் ஸ்டார் என்பது லாட்டரி மாதிரிதான். அப்படியும் 2025-இல் நேஷனல்ஸ் 66 ஆட்டம் ஜெயித்து 96 தோற்றது. ஜூலையிலேயே ஜெனரல் மேனேஜரையும் (ஆள் எடுப்பவர்) மேனேஜரையும் (ஆட்டத்தை நடத்தும் பயிற்சியாளர்) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இளம் வீரர்களைச் சேர்ப்பது பாதி வேலை. அவர்கள் மலிவாகக் கிடைக்கும் வருஷங்களில் மிச்சமாகும் பணத்தைச் சந்தையில் செலவழித்து ஓட்டைகளை அடைப்பது மீதிப் பாதி. பல முதலாளிகள் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு அதற்கு "மறுகட்டமைப்பு" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ரசிகர்கள் இதில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது விலை யாங்கீஸ் கொடுத்தது. 2023 டிசம்பரில் மைக்கேல் கிங், ட்ரூ தார்ப் உட்பட ஐந்து பேரைக் கொடுத்து சோட்டோவையும் ட்ரென்ட் க்ரிஷமையும் வாங்கினார்கள். சோட்டோவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சீசன். அந்த ஒரு வருஷச் சம்பளம் 3.1 கோடி டாலர். யாங்கீஸ் 2024-இல் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடர் வரை போய் டாட்ஜர்ஸிடம் தோற்றது. பாட்ரேஸ் கைக்கு வந்த தார்ப்பை மூன்றே மாதத்தில் டிலன் சீஸ் என்ற பிட்சருக்காக (பந்து வீசுபவர்) சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த சீஸ் 2024 ஜூலையில் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) போட்டார், அதுவும் வாஷிங்டனில், நேஷனல்ஸுக்கு எதிராக. சோட்டோவை விற்ற ஊரிலேயே சோட்டோவின் விலை வந்து இறங்கியது! பேஸ்பால் கணக்குகள் இப்படித்தான், எங்கே முடிகின்றன என்றே தெரியாது.

மூன்றாவது விலைதான் எல்லோருக்கும் தெரிந்த 76.5 கோடி. இங்கே இரண்டு விஷயம் செய்தித் தலைப்பில் வராது. ஒன்று, வெறும் பணம் மட்டும் போகவில்லை. யாங்கீஸ் கொடுத்த குவாலிஃபையிங் ஆஃபரை (பழைய அணி முன்வைக்கும் ஒரு வருஷ ஒப்பந்தம்) அவர் மறுத்துவிட்டு வந்ததால், மெட்ஸ் தன்னுடைய இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த ட்ராஃப்ட் தேர்வுகளை (புதிய இளைஞர்களை எடுக்கும் வாய்ப்புகள்) இழந்தது. வெளிநாட்டு இளைஞர்களை எடுக்கும் நிதியிலும் 10 லட்சம் டாலர் போனது. ஆக, ஃப்ரீ ஏஜென்டை எடுத்தாலும் நாளைய ப்ராஸ்பெக்டில் கை வைக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, லக்ஸுரி டாக்ஸ். 2025-இல் மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் வரி. தாண்டும் அளவும், தொடர்ந்து தாண்டும் வருஷங்களும் கூடக்கூட விகிதம் ஏறும். மூன்றாவது வருஷமாகத் தொடர்ந்து கட்டும் அணி வரியின் கடைசிப் படியையும் தாண்டினால், மேற்கொண்டு கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி. 2 கோடி டாலர் பிட்சர் அந்த அணிக்கு 4.2 கோடி டாலர் பிட்சர். அதனால் ஒரே ஆளின் விலை இரண்டு அணிகளுக்கு ஒன்றாக இருப்பதில்லை. டாட்ஜர்ஸ் ஷோஹெய் ஓதானியின் 70 கோடியில் 68 கோடியை 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல், கொடுக்க ஏற்பாடு செய்தது இதனோடு சேர்ந்த கதை. பிற்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் வரிக் கணக்கில் அது வருஷத்துக்குச் சுமார் 4.6 கோடிதான். விளையாட்டுச் செய்தியில் என் தொழிலின் பாலபாடம் வந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

நட்சத்திரத்தைப் பணம் கொடுத்து வாங்குவது, ப்ராஸ்பெக்ட் கொடுத்து வாங்குவது இரண்டும் எதிரெதிர் தத்துவங்கள் என்று டிவியில் சண்டை போடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய நாணயங்கள். 2023 மெட்ஸ் இதை அப்பட்டமாகச் செய்து காட்டியது. வருஷத்துக்குத் தலா 4.33 கோடி டாலருக்கு பிட்சர்கள் மேக்ஸ் ஷெர்ஸரையும் ஜஸ்டின் வெர்லாண்டரையும் வைத்திருந்த அணி அது. அந்த சீசன் 75 வெற்றி, 87 தோல்வி. வரி மட்டும் 10 கோடிக்கு மேல். டிரேட் கெடுவை ஒட்டி இருவரையும் விற்றார்கள். ஷெர்ஸரின் பாக்கிச் சம்பளத்தில் சுமார் 3.5 கோடியை மெட்ஸே கட்டி, டெக்சஸ் ரேஞ்சர்ஸிடமிருந்து லூயிஸாஞ்சல் அகூன்யாவை வாங்கியது. வெர்லாண்டரை ஹூஸ்டனுக்குப் பணத்தோடு அனுப்பி ட்ரூ கில்பர்ட்டையும் ரையன் கிளிஃபர்டையும் வாங்கியது. பெயருக்குத்தான் டிரேட். உண்மையில் முதலாளி ஸ்டீவ் கோஹன் ப்ராஸ்பெக்ட்களைக் காசு கொடுத்து வாங்கினார்.

கதை அங்கே முடியவில்லை. கில்பர்ட்டை 2025 ஜூலையில், இன்னும் இருவரோடு சேர்த்து, சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து டைலர் ராஜர்ஸ் என்ற ரிலீவ் பிட்சரை (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வீச வருபவர்) எடுத்தார்கள். சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகப் போகிறவர், ஆகவே இரண்டு மாத ஆட்டம்தான். மெட்ஸ் 83 வெற்றியோடு கடைசி நாளில் பிளேஆஃபை விட்டது. கோடிகளாகத் தொடங்கியது இளைஞராகி, இளைஞர் இரண்டு மாத பிட்சராகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. பணமாகவே வைத்திருந்தால் இப்படிக் கரைந்ததை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அப்படியானால் டிரேட் செய்பவர்கள் எல்லாம் ஏமாளிகளா? இல்லை. 1987-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் டாயில் அலெக்ஸாண்டர் என்ற பிட்சருக்காக ஜான் ஸ்மால்ட்ஸ் என்ற இளம் பிட்சரைக் கொடுத்ததைத்தான் மோசமான டிரேடுக்கு எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஸ்மால்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார், உண்மை. ஆனால் அலெக்ஸாண்டர் அந்த வருஷம் டைகர்ஸுக்காக 9 வெற்றி, தோல்வியே இல்லை. டைகர்ஸ் தன் பிரிவை வென்றது இரண்டே ஆட்ட வித்தியாசத்தில். அவர் இல்லாமல் அது நடந்திருக்காது. மாறாக 2007-இல் அதே டைகர்ஸ் கேமரன் மேபின், ஆண்ட்ரூ மில்லர் போன்ற அன்றைய முதல்தர ப்ராஸ்பெக்ட்களைக் கொடுத்து மிகெல் கப்ரேராவை எடுத்தது. ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு அதில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. கப்ரேரா 2012-இல் ட்ரிபிள் க்ரௌன் (பேட்டிங்கின் மூன்று முக்கியக் கணக்கிலும் லீகில் முதலிடம்) அடித்தார். பத்து வருஷம் கழித்துத் தெரிந்த முடிவை வைத்து அன்றைய முடிவுக்கு மார்க் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அன்றைக்கு என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் மதிப்பிட முடியும்.

பணம் கொடுத்து எடுப்பதிலும் அபாயம் குறைவில்லை. 2019 டிசம்பரில், ஒரே வாரத்தில், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் நேஷனல்ஸோடும் ஆன்டனி ரெண்டன் ஏஞ்சல்ஸோடும் 7 வருஷம், 24.5 கோடி டாலர் என்று ஒரே தொகைக்குக் கையெழுத்திட்டார்கள். இருவரும் அப்போதுதான் வேர்ல்ட் சீரிஸ் வென்றிருந்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க் அதன்பிறகு ஆடியது எட்டே ஆட்டம். ரெண்டன் காயத்திலேயே காலம் தள்ளினார். ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போது பெரும்பாலோருக்கு வயது முப்பதை ஒட்டியிருக்கும். அணி விலை கொடுப்பது நேற்றைய ஆட்டத்துக்கு, வாங்கிக்கொள்வது நாளைய உடம்பை. சோட்டோ 19 வயதிலேயே மேலே வந்து 26-இல் ஃப்ரீ ஏஜென்ட் ஆனதால்தான் அந்த 15 வருஷத்தை ஓரளவாவது நியாயப்படுத்த முடிகிறது. முதல் வருஷத்தில் 43 ஹோம் ரன்.

என் பக்கம் எது என்று கேட்பார்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய ஊர் அணிக்குப் பணம்தான் மலிவான நாணயம், அதைத்தான் முதலில் செலவழிக்க வேண்டும். டாம்பா பே போன்ற அணிக்கு ப்ராஸ்பெக்டைத் தவிர வேறு நாணயம் அவ்வளவாக இல்லை, அதனால் அது நட்சத்திரங்களை ஃப்ரீ ஏஜென்ட் ஆகுமுன் விற்கிறது. கையில் பணம் இருந்தும் வரியைக் காரணம் காட்டி இளைஞர்களைக் கொடுத்து ஆள் வாங்கும் அணியைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். அங்கே முதலாளி மிச்சப்படுத்துவதற்கு ரசிகர்கள் ஐந்து வருஷம் கழித்துப் பணம் கட்டுவார்கள்.

இந்த வர்த்தகத்தில் நாணயமாகவே இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் மைனர் லீக் வீரர்களுக்கு முதன்முதலாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. லோ-ஏ வீரருக்கு அதில் கிடைத்த குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 26,200 டாலர். அதற்கு முன்பு அதைவிட வெகு குறைவு. கணக்கில் கோடிகளாக எழுதப்படும் பையன், தொலைபேசியில் மேனேஜர் சொன்னதும் மறுநாள் வேறு மாநிலத்துக்குப் பை கட்டுவான். அவனைக் கேட்டு யாரும் டிரேட் செய்வதில்லை.

மேஜர் லீக் முதலாளிகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி வரை. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் தரப்பில் பேச்சு பலமாக இருக்கிறது. சங்கம் அதை எப்போதுமே ஏற்றதில்லை. 1994-இல் இதே விவகாரத்தில் வேலைநிறுத்தம் நடந்து வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. உச்சவரம்பு வந்தால் பணக்கார அணியின் பணத்துக்கு மவுசு குறையும், குறைந்த சம்பளத்தில் நன்றாக ஆடும் 22 வயதுக்காரனின் விலை எகிறும். அதற்குப் பிறகு வரும் ஜூலை டிரேட்களில் ஒரு லோ-ஏ ஷார்ட்ஸ்டாப்புக்கு என்ன கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.