பட்டன் எங்கே இருக்கிறது என்று சிப்புக்குத் தெரியாது

வீடியோ கேம் ஆடும் கன்ட்ரோலர் பெட்டியில் வருகிற வட்டமான ஆர்கேட் பட்டன் என்றால் பெரும்பாலும் 30 மில்லிமீட்டர் துளையில் உட்காருவது. ஸ்டார்ட் மாதிரி சில்லறை வேலைக்கு 24 மில்லிமீட்டர். ஜப்பானின் சான்வா பட்டன்களில் வருகிற இந்த அளவுகளையே விலை குறைந்த பட்டன்களும் பின்பற்றுகின்றன. துளைக்கு அளவு வந்துவிட்டது, சரி. கைக்கு? மன்னார்குடியில் ஒரு வீட்டில் கல்லூரி போகும் அண்ணனும் பத்து வயதுத் தங்கையும் ஒரே கன்ட்ரோலரில் ஆடினால், அவன் விரலுக்குள் அடங்குகிற பட்டன் அவள் சுண்டுவிரலுக்கு எட்டாது. கடையில் வாங்குவதில் துளை போட்டது போட்டதுதான். அதனால்தான் ஆர்வமுள்ளவர்கள், பட்டன்களை இஷ்டத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளும் கன்ட்ரோலரைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

கேட்டவுடன் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் ஒன்று உண்டு. பட்டனை நகர்த்திவிட்டால் எது எங்கே போனது என்று கன்ட்ரோலருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பட்டனுக்குள் இருப்பது ஒரு சின்ன சுவிட்ச், அதற்கு இரண்டு கால். ஒரு கால் கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்ஜிய வோல்ட் கம்பிக்குப் போகும். இன்னொன்று கன்ட்ரோலருக்கு மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் ஒரு பின்னுக்கு (கம்பி இணைக்கும் முனைக்கு). சும்மா இருக்கும்போது சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர் ஒன்று அந்தப் பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். இதற்குப் புல்-அப் என்று பெயர். பட்டனை அழுத்தினால் பின் கிரவுண்டைத் தொட்டு பூஜ்ஜியத்துக்கு இறங்கும். சிப்புக்குக் கிடைக்கும் சேதி "7-ம் பின் இறங்கியது" என்பது மட்டுமே. அந்தக் கம்பியின் மறுமுனையில் பட்டன் வலது ஓரத்தில் கிடக்கிறதா, கட்டைவிரலுக்கு அடியில் கிடக்கிறதா என்பது அதற்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

7-ம் பின் இறங்கினால் ஆட்டத்தில் குத்தா, உதையா என்பதைத் தீர்மானிப்பது சிப்புக்குள் ஓடும் புரோகிராமான ஃபர்ம்வேரில் இருக்கும் ஓர் அட்டவணை. 2021-ல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை இந்த வேலைக்குத் தாராளம். 26 பின்கள் கைக்குக் கிடைக்கின்றன. கீபோர்டில் செய்வதுபோல வரிசை, நிரை என்று கம்பியைப் பின்னிப் பின்களை மிச்சம் பிடிக்கத் தேவையில்லை, ஆளுக்கொரு பின் கொடுத்துவிடலாம். ஜிபி2040-சிஇ என்ற இலவச ஃபர்ம்வேர் இருக்கிறது. பிக்கோ பலகையில் உள்ள குட்டி பட்டனை அழுத்தியபடி யூஎஸ்பியில் செருகினால் அது பென்டிரைவாகத் தெரியும்; கோப்பை இழுத்து உள்ளே போட்டால் முடிந்தது. அப்புறம் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியபடி செருகினால் அமைப்புப் பக்கத்தைப் பிரவுசரில் திறக்கலாம். எந்தப் பின்னுக்கு எந்த வேலை என்பதை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஆக மூளைப் பக்கம் எளிது. பாடுபடுத்துவது உடம்புப் பக்கம்தான்: கழற்றவும் வேண்டும், ஆடும்போது அசையவும் கூடாது. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளுக்கும் இதே தேவை இருந்தது. மெட்டுகளை மெழுகில் பதித்துவிட்டு, சுருதி விலகும்போது மெழுகை இளக்கி நகர்த்திவிடுகிறார்கள். நமக்கு மெழுகின் இடத்தில் காந்தம்.

ஒவ்வொரு பட்டனையும் தனி வில்லையாகச் செய்து அடியில் நியோடிமியம் காந்தம் ஒட்டி, தகட்டின் மேல் வைக்கலாம். தகடு வாங்கப் போகும்போது காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கும்பகோணம் பாத்திரக் கடைகளில் பளபளக்கும் எவர்சில்வரில் 304 ரகம் காந்தத்தைக் கண்டுகொள்ளாது, பித்தளையும் அப்படியே. ஜி.ஐ. எனப்படும் இரும்புத் தகடு ஒட்டும், துத்தநாகப் பூச்சு இருப்பதால் ஐப்பசி மழைக்கும் சட்டென்று துருப்பிடிக்காது.

ஒட்டினால் மட்டும் போதாது. காந்தம் தகட்டை நேராகத்தான் இழுக்கிறது. பக்கவாட்டில் வில்லையைப் பிடித்து வைப்பது வெறும் உராய்வு. வழவழப்பான பிளாஸ்டிக் அடிப்பாகம் இரண்டு அழுத்தில் சறுக்கிவிடும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக் காந்தத்தைச் சுற்றி ஒட்டினால் நிற்கும். காந்தத்தின் மேலேயே ரப்பரை ஒட்டிவிடாதீர்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இழுவிசை வெகுவாகக் குறையும். ரப்பர் காந்தத்தைவிட மயிரிழை அளவு துருத்திக்கொண்டிருந்தால் போதும்.

வில்லையிலிருந்து வரும் வயரைச் செருக ஹெட்போனில் வரும் 3.5 மில்லிமீட்டர் ஜாக்தான் என் சிபாரிசு. செல்போன் ரிப்பேர் கடையிலேயே கிடைக்கும், அடிக்கடி பிடுங்கிச் செருகினாலும் தாங்கும். உள்ளே போகும்போது முனைகள் ஒன்றோடொன்று உரசினாலும் பயமில்லை; சப்ளை கம்பி எதுவும் அதில் இல்லாததால், அதிகபட்சம் ஒரு பொய் அழுத்து பதிவாகும். கை முழுதாக இயங்காதவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2018-ல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரும் வெளி சுவிட்சுகளை இந்த ஜாக் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது.

இன்னொரு தொல்லை துள்ளல். சுவிட்சின் உலோக நாக்கு ஒரே தடவையில் படியாது, சில மில்லிசெகண்டு துள்ளித்தான் அடங்கும். சிப் வேகமானது, ஒவ்வொரு துள்ளலையும் ஒரு அழுத்தாக எண்ணிவிடும். துள்ளல் அடங்கும்வரை காத்திருந்தால் ஆட்டம் தாமதமாகும். அதனால் முதல் தொடுதலை உடனே ஏற்றுக்கொண்டு, அடுத்த 5 மில்லிசெகண்டுக்கு அந்தப் பின்னைக் கவனிக்காமல் விடுவது நல்ல வழி. வினாடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படம் சுமார் 16.7 மில்லிசெகண்டு, ஆகவே இது உறுத்தாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் தொடுமுனை சீக்கிரம் கறுத்துத் தொடுதல் தடுமாறும். அங்கே இருப்பவர்கள் தங்க முலாம் பூசிய தொடுமுனை உள்ள சுவிட்சாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ஜாய்ஸ்டிக்கையும் எடுத்துவிட்டு நான்கு திசைகளுக்கும் பட்டனே வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குச்சியை ஒரே நேரத்தில் இடமும் வலமும் தள்ள முடியாது. பட்டனில் இரண்டையும் சேர்த்து அழுத்த முடியும். அப்போது என்ன செய்வது என்பதையும் ஃபர்ம்வேரில்தான் சொல்லி வைக்க வேண்டும். இரண்டும் ரத்தாகி ஆள் நின்ற இடத்திலேயே நிற்பது ஒரு வழி, கடைசியாக அழுத்தியது ஜெயிப்பது இன்னொரு வழி. போட்டிகளில் இதற்குத் தனி விதி வைத்திருப்பார்கள். பெயர் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.