மூன்றாம் பிறை கடலிலிருந்து எழாது

போன வாரம் ராத்திரி படித்த கைப்பிரதியில், முப்பத்தோராம் பக்கத்தில், முன்னிரவு நேரத்தில் வடசென்னைக் காசிமேட்டுக் கடலிலிருந்து மூன்றாம் பிறை எழுந்தது. அந்த வெளிச்சத்தில் இளவரசி ஓலைச்சுவடியைப் பிரித்து மந்திரத்தைப் படித்தாள். நான் கைப்பிரதியை மூடி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

இந்த வருஷம் என்னிடம் வந்த மாயக்கதைக் கைப்பிரதிகளில் நிலாவைத் தப்பான இடத்தில் மாட்டியது இது ஏழாவது. (மிகுபுனைவு என்று விமர்சகர்கள் சொல்வார்கள், ஃபேன்டசி என்று பதிப்பாளர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் மாயக்கதைதான்.) எழுதியவர் காசிமேட்டுத் தம்பி. அப்பா விசைப்படகில் போகிறவர். வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். போன் போட்டுக் கேட்டேன். "அக்கா, இது ஃபேன்டசிதானே? அங்க நிலா எப்படி வேணும்னாலும் வரும்" என்றார்.

இந்த ஒரு பதிலைப் பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டுத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நிலாக் கணக்கை முடித்துவிடுவோம். பிறை என்றாலே சூரியனுக்குப் பக்கத்தில் நிற்கிற நிலா என்று அர்த்தம். சூரியனை ஒட்டி நிற்பதால்தான் அதன் ஓரம் மட்டும் நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. அமாவாசை கழிந்த மூன்றாம் பிறை, சூரியன் இறங்கின பிறகு மேற்கே கொஞ்ச நேரம் தலைகாட்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் அதுவும் சூரியன் பின்னாலேயே இறங்கிவிடும். காசிமேட்டில் கடல் கிழக்கே. ஆகவே மூன்றாம் பிறையைப் பார்க்க வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டைப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். மண்ணடியில் ரம்ஜான் பிறை பார்க்க மாடியேறுகிறவர்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார்கள்? மூன்றாம் பிறையைப் பார்த்தால் நல்லது என்று கையைப் பிடித்து இழுத்துப்போன நம் ஆயாக்கள் எந்தப் பக்கம் காட்டினார்கள்? இதற்கு வானியல் படிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் மாடிக்குப் போனால் போதும்.

கடலிலிருந்து எழுகிற பிறையும் உண்டு. அது தேய்பிறை, விடியலுக்கு முன்னால் வரும். அந்தத் தம்பியின் அப்பா படகேறுகிற நேரத்தில் மாதா மாதம் பார்த்திருப்பார். மகன் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பௌர்ணமி நிலா சூரியன் மறைகிற நேரத்தில் எழும், நள்ளிரவில் உச்சிக்கு வரும், விடியும்போது இறங்கும். அதற்குப் பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதம். வளர்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவோடு போய்விடும். தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவில்தான் வரும். நள்ளிரவில் உச்சியில் பிறை நிற்கவே நிற்காது. ஏழு கைப்பிரதிகளில் மூன்றில் நின்றது.

"வேற உலகம்" என்கிறீர்களா? சரி, வேற உலகமே இருக்கட்டும். அங்கே கடல் மேற்கே இருக்கட்டும், இரண்டு நிலா இருக்கட்டும், நிலா பச்சையாகக்கூட இருக்கட்டும். ஆனால் அதை நீங்கள் தீர்மானித்தீர்களா, இல்லை கை தவறி விழுந்ததா? இரண்டு நிலா என்றால் ஓதம், அதாவது கடல் மட்டம், எப்படி ஏறி இறங்கும்? அமாவாசை எத்தனை நாளைக்கு ஒருமுறை? படகுக்காரன் அதற்கு என்ன பேர் வைத்திருப்பான்? இதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருந்தால் வாசகர் வாயைப் பிளப்பார். இல்லாவிட்டால் பிழை என்று பென்சிலால் வட்டம் போடுவார். மாயக்கதைக்காரன் வாசகரிடம் ஒரே ஒரு பொய்யை நம்பச் சொல்லிக் கேட்கிறான். அந்த ஒன்று நிற்க வேண்டுமானால் சுற்றியிருக்கிற உப்பு, காற்று, மீன் விலை எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். யதார்த்தக் கதை எழுதுகிறவர் ஒரு விவரத்தில் வழுக்கினால் வாசகர் மன்னித்துவிடுவார், ஊர் அவருக்குத் தெரிந்த ஊர்தானே. நம் ஊரை நாம்தான் கட்டுகிறோம். ஒரு செங்கல் ஆடினால் மொத்தமும் ஆடும்.

யோக்கியம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் முதல் நாவலில், எண்ணூர் மாதிரி ஒரு துறைமுகத்தில், நானே சூரியனைக் கடலில் இறக்கிவிட்டேன். கிழக்குக் கரை என்று வரைபடமும் போட்டிருந்தேன். பெரம்பூரிலிருந்து ஒரு பெரியவர் கடிதம் போட்டார்: "திருவொற்றியூர்ல குடியிருந்துகிட்டு சூரியனைக் கடல்ல முக்கிட்டியேம்மா." அந்தக் கடிதம் இன்னும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

டிசம்பர் வந்தால், அந்த வருஷம் எழுதியதைப் புரட்டி எனக்கே பிடித்த காட்சிகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். இந்த வருஷம் ஏறக்குறைய நானூறு பக்கம் எழுதியிருக்கிறேன். புள்ளி விழுந்தது மூன்றே காட்சிகளுக்கு. மூன்றும் நாற்காலியை விட்டு எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியவை.

முதலாவது, காற்று விற்கிறவள். கதையில் ஒரு கிழவி ஓலைப்பெட்டியில் காற்றை அடைத்து வைத்து விற்கிறாள். முதல் வடிவத்தில் எல்லாக் காற்றும் ஒரே விலை, ஒரே பெட்டி, காட்சியில் உயிரே இல்லை. ஒரு நாள் காலையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன காலத்து ஆள். "இன்னாம்மா எயுதற?" என்றார். காற்றைப் பற்றி என்றேன். ஊசியை நிறுத்தாமல் சொன்னார்: "விடியறதுக்கு முன்ன கரைக்காத்து கொண்டும்போவும். மதியத்துக்கு மேல கடல்காத்து கொண்டாந்து வுடும். நடுவுல உன் சாமர்த்தியம்."

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ராத்திரியில் நிலம் சீக்கிரம் குளிரும், பகலில் சீக்கிரம் சுடும் என்று. ஆனால் பிழைப்பாக அதைக் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து காட்சியைத் திருப்பி எழுதினேன். கிழவி போகிற காற்றைச் சும்மாவே கொடுக்கிறாள். திரும்பி வருகிற காற்றுக்குத்தான் விலை. அதையும் கரையில் விற்கமாட்டாள், நடுக்கடலில்தான் பேரம். அந்த ஒரு மாற்றத்தில் அவள் மந்திரவாதியாக இருந்தவள் வட்டிக்காரியாக ஆகிவிட்டாள். நாவலே அங்கிருந்து வேறு திசையில் திரும்பியது. அந்தத் தாத்தாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு டீ.

இரண்டாவது, நினைவுகளை ஏலம் விடுகிற இடம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், முதலில் எழுதியது பட்டு மெத்தை, தங்கத் தூண், கையில் சுத்தியலோடு ஒரு கனவான். அந்த மாதிரி ஏலத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததேயில்லை. எங்கிருந்தோ தொற்றிக்கொண்டது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு ரொம்ப முன்னால், காசிமேட்டு ஏலத்துக்குப் போய் ஈரத்தில் நின்றேன். ஏலம் விடுகிறவர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. விலையை மட்டும் கூவிக்கொண்டே போகிறார். வாங்க வந்த ஒரு அம்மா, இடுப்பில் சுருக்குப்பை, வஞ்சிரத்தின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கி உள்ளே பார்த்தார். சிவப்பு இருக்கிறதா என்று. இல்லை. கையைக் கழுவாமலேயே அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்.

இப்போது என் கதையிலும் நினைவுக்குச் செவுள் உண்டு. வாங்க வருகிறவர்கள் தூக்கிப் பார்ப்பார்கள். உள்ளே இன்னும் சிவப்பாக இருந்தால்தான் விலை. ஒரு விதவை தன் கல்யாண நாளைக் கொண்டுவருகிறாள், செவுளைத் தூக்கினால் வெளுத்துக் கிடக்கிறது. இந்த வருஷம் எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அது. கற்பனை என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். பாதிக்கு மேல் அந்தச் சுருக்குப்பை அம்மாவுடையது.

மூன்றாவது, நெருப்புப் பறவை ஊரைக் கொளுத்துகிற காட்சி. இதில் எல்லோரும் பண்ணுகிற தப்பை நானும் பண்ணினேன். எட்டுப் பக்கம் நெருப்பு. கதறல், புகை, இடிகிற கோபுரம். எட்டுப் பக்கமும் அலுப்பு. பிறகுதான் நம் ஊரில் நிஜமாக நடந்தது ஞாபகம் வந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கொஞ்ச நேரம்தான், போய்விட்டது. உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, கடந்துபோகிறவர்கள் யாரும் நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாகியும் "அவன் சரியான எம்டன்டா" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கப்பல் போய்விட்டது, பேர் திட்டாகவும் பாராட்டாகவும் தமிழில் தங்கிவிட்டது.

எட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இப்போது பறவை வந்துபோவது இரண்டே வரி. அதற்குப் பிறகு அறுபது வருஷம் கழித்து, அடுப்படியில் ஒரு அத்தை, சோறு தின்னாத பிள்ளையை அந்தப் பறவையின் பேரைச் சொல்லித் திட்டுகிறாள். பிள்ளை சிரிக்கிறது. திண்ணையில் இருக்கிற பாட்டி மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கோபப்படாமல், கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு கைப்பிரதியில் கடல் ஒரு மைல் உள்வாங்குகிறது, குழந்தைகள் கைகொட்டிக்கொண்டு ஓடிப்போய்ச் சங்கு பொறுக்குகிறார்கள். அழகான காட்சி என்றுதான் எழுதியிருந்தார். நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஒரு மைலெல்லாம் கடல் போகாது. அது சின்ன விஷயம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு 'கடல் உள்வாங்கியது' என்ற இரண்டு சொல்லை இந்தக் கரையில் யாரும் சும்மா படிக்க முடியாது. அந்தக் குழந்தைகளைப் பார்த்து "ஓடி வாங்கடா" என்று கத்தத் தோன்றும். வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்து எழுதுங்கள்.

மற்றபடி, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகக் கடையில் ஏதாவது ஒரு வருஷத்துப் பஞ்சாங்கம் வாங்குங்கள். உங்கள் கதையின் முதல் நாளை அதில் குறியுங்கள், அதற்குப் பிறகு திதி தானாக நடக்கும். வரைபடம் போட்டால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதிலேயே எழுதுங்கள். வாடை என்றால் வடக்கிலிருந்து, தென்றல் என்றால் தெற்கிலிருந்து, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து. 'தென்றல் வடக்கிலிருந்து வீசியது' என்று எழுதினவரும் இந்த ஏழு பேரில் இருக்கிறார், பேர் சொல்லமாட்டேன். மந்திரம் போட்டால் போட்டவரிடமிருந்து ஏதாவது குறைய வேண்டும், முடியோ பல்லோ ஒரு நாளோ. பனியையும் பைன் மரத்தையும் விடுங்கள், நீங்கள் பார்த்ததில்லை. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் மணல் மூடிக்கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கரித்தூளும் சாம்பலும் படிந்த துணியைக் கொடியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோது நாரைகள் என்ன நிறத்தில் நின்றன என்று உங்களுக்குத் தெரியும், வேறு எந்த ஊர் எழுத்தாளருக்கும் தெரியாது.

அப்புறம், எழுதியதைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். எர்ணாவூரில் ஒரு பெண் ஒரு வருஷ எழுத்தை வைத்திருந்த போன் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. என்னிடம் வந்து அழுதது. நான் என்ன செய்ய முடியும்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே காசிமேட்டுத் தம்பியிடமிருந்து திருத்திய முப்பத்தோராம் பக்கம் வந்தது. ரெண்டு நாள் மாடியேறிப் பார்த்தாராம். இப்போது இளவரசி கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். பிறை ஊர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் படிக்கப் போதவில்லை. பிறை மறைவதற்குள் மந்திரத்தை முடிக்க வேண்டும். ஓலையில் எழுத்து எழுத்தாணியால் கீறியதுதானே, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி வாசிக்கிறாள். ஒரு இடத்தில் செல்லரித்த ஓட்டையை எழுத்தென்று நினைத்து வாசித்துவிடுகிறாள். அங்கேதான் மந்திரம் தப்பிப்போகிறது.

நான் இரண்டு தடவை படித்தேன். பொறாமையாக இருந்தது.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் காசிமேட்டில் ஓநாய் ஊளையிடுகிறது. அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும்.