ஜூன் முதல் வாரத்தில் வரும் 45 டிகிரி

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் வானிலைக் கணிப்பு வேலை பார்க்கிறேன். மே மாதக் கடைசி வந்துவிட்டால் நம் ஊர்க்காரர்களின் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ஃபீனிக்ஸிலோ சாண்ட்லரிலோ வேலையில் இருப்பார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். "அண்ணா, வர்ற சனிக்கிழமை கிராண்ட் கேன்யன் கூட்டிட்டுப் போறோம், வெயில் எப்படி இருக்கும்?" எண்ணைச் சொன்னதும் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்கும்: "வேலூர்ல பார்க்காத வெயிலா தம்பி?"

அவர் சொல்வதில் தப்பில்லை. வேலூரும் திருத்தணியும் 42, 43 டிகிரியைப் பார்க்கும் ஊர்கள்தான். ஆனால் இந்த ஊர் வெயில் வேறு விதம். அதிலும் ஜூன் முதல் வாரத்தில் வரும் வெயிலைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஜூலைக் கடைசியில் ஃபீனிக்ஸில் 45 டிகிரி அடித்தால் இங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. உடம்பு அதற்குள் பழகியிருக்கும். வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் தேவை. பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், வியர்வையில் உப்பு குறைவாக வெளியேறும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருக்கும். மே முழுக்க ஏசி அறையில் இருந்தவருக்கோ, போன வாரம்தான் விமானத்தில் வந்து இறங்கியவருக்கோ இதில் எதுவுமே நடந்திருக்காது. வெட்டவெளியில் வேலை செய்து வெப்பத்தால் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்கிறது. ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள்.

2024 ஜூன் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஃபீனிக்ஸில் 113 ஃபாரன்ஹீட், அதாவது 45 டிகிரி. லாஸ் வேகஸில் 111. டெத் வேலியில் 122, சரியாக 50 டிகிரி. ஃபீனிக்ஸ் முதன்முதலாக 110-ஐத் தொடுவது சராசரியாக ஜூன் 11 வாக்கில்தான். அந்த ஆண்டு சில நாள் முந்திக்கொண்டது. அன்றைக்கு ஃபீனிக்ஸில் ஓர் அரசியல் கூட்டத்துக்கு வரிசையில் நின்றவர்களில் 11 பேரை வெப்பச் சோர்வால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வரிசையில் நின்றதைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை.

இப்படி ஒன்று வரப்போகிறது என்பது பெரும்பாலும் ஒரு வாரம் முன்னாலேயே தெரியத் தொடங்கிவிடும். தரையைவிட மேலே என்ன நடக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். காற்றழுத்தம் 500 மில்லிபாராக, அதாவது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதியாகக் குறையும் உயரம் இந்தப் பருவத்தில் ஏறத்தாழ 5,800 மீட்டர். அது 5,900-ஐத் தாண்டி வீங்கினால், ஓர் உயர் அழுத்தம் நம் தலைக்கு மேல் வந்து உட்காரப்போகிறது என்று பொருள். ஐரோப்பிய வானிலை மையம் தன் மாடலை, அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரலை, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 50 தடவை ஓட்டுகிறது. அதில் பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்தால் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

உயர் அழுத்தத்துக்குக் கீழே காற்று மெல்ல இறங்கும். இறங்கும் காற்று அழுந்தும், அழுந்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். டூசானில் அதிகாலையில் பறக்கவிடும் வானிலை பலூன் 1,500 மீட்டர் உயரத்தில் 32 டிகிரி காட்டுகிறது என்று வையுங்கள். ஃபீனிக்ஸ் இருப்பதோ 340 மீட்டரில். மதியத்துக்குள் காற்று நன்றாகக் கலந்துவிட்டால் 43-க்கு மேல் வந்துவிடும். தரையை ஒட்டிய சூடு இன்னும் ஒன்றிரண்டு டிகிரி சேர்க்கும். 45 இப்படித்தான் கிடைக்கிறது. கையால் போட்டுப் பார்க்கிற கணக்கு இது. எவ்வளவு கணினி வந்தாலும் நான் இதை விடுவதில்லை.

ஜூன் தொடக்கத்தில் இதைத் தடுக்க இங்கே எதுவும் கிடையாது. மண்ணில் ஈரமில்லை, அதனால் வெயிலின் சக்தி நீரை ஆவியாக்குவதில் செலவாகாமல் அப்படியே காற்றைச் சூடாக்கும். மேகமில்லை. சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். பகல் நீளம், இரவு குட்டை. இங்கேயும் ஒரு பருவமழை உண்டு. அது உருப்படியாக வருவது ஜூலையில்தான்.

ஆனால் இந்த முதல் வெயிலில் கணினிகள் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. மாடல்கள் தரும் வெப்பநிலையை அப்படியே வெளியிடுவதில்லை. கடந்த சில வாரங்களில் எந்த இடத்தில் எவ்வளவு பிசகியது என்று பார்த்து, அதற்கேற்பத் திருத்தித் தரும் முறைகள் உள்ளன. சாதாரண நாளில் அவை அருமையாக வேலை செய்யும். மே மாதம் குளுமையாக இருந்து, திடீரென்று ஆகாயம் மாறினால்தான் சிக்கல். திருத்தம் மே மாதத்துப் பழக்கத்திலேயே இருக்கும். எண் ஒன்றிரண்டு டிகிரி குறைவாக வரும். ஒன்றிரண்டு டிகிரிதானே என்று விட முடியாது. எச்சரிக்கை விடுவதா வேண்டாமா என்பதே அந்த இடைவெளியில்தான் நிற்கும். அந்த நேரத்தில் மேல்காற்றைப் பார்த்து எண்ணை உயர்த்துவது மனிதர் எடுக்க வேண்டிய முடிவு.

அப்புறம் மலைகள். மாடலுக்கு நிலம் என்பது கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு பரப்பு. உலக மாடல்களில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் அகலம். கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே ஆற்றங்கரையில் உள்ள ஃபாண்டம் ராஞ்ச் சுமார் 750 மீட்டரில். இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்தால் மாடல் சராசரியாக ஓர் உயரத்தை வைத்துக்கொள்ளும். அந்த உயரத்தில் யாருமே நடப்பதில்லை! போனில் "கிராண்ட் கேன்யன்" என்று தேடிப் பார்க்கும் எண் பெரும்பாலும் விளிம்பில் உள்ள ஊருக்கானது. அது 31 என்று காட்டும் மதியத்தில் கீழே 43 இருக்கும். காலையில் குளிர்காற்றில் உற்சாகமாக இறங்குவார்கள். இறங்குவது சுலபம். திரும்பி ஏறும்போது மதியம் ஆகியிருக்கும். கால் தளர்ந்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், பாறைச் சுவர் அனலைத் திருப்பி அடிக்கும். காலை 10 முதல் மாலை 4 வரை உள்பகுதியில் நடக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் ஆண்டுதோறும் கெஞ்சுகிறது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் விளிம்பிலேயே நின்று பாருங்கள். அங்கிருந்தே கண்கொள்ளாக் காட்சிதான்.

அமெரிக்க தேசிய வானிலைச் சேவை வெளியிடும் வெப்ப அபாய வரைபடத்தைப் போனில் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். பச்சையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் ஊதா கலந்த சிவப்பான மெஜந்தா. அந்த இடத்துக்கு, அந்தத் தேதிக்கு இது எவ்வளவு அசாதாரணம், இரவில் எவ்வளவு தணியும், எத்தனை நாள் நீடிக்கும் என்றெல்லாம் சேர்த்துப் பார்த்து நிறம் கொடுக்கிறார்கள். ஜூலையில் ஆரஞ்சாக இருக்கும் அதே வெப்பநிலை ஜூன் தொடக்கத்தில் சிவப்பாகலாம். சிவப்பு நாளில் ஃபீனிக்ஸில் உள்ள கேமல்பேக் மலையில் ஏறப் போக வேண்டாம். அதீத வெப்ப எச்சரிக்கை இருந்தால் பகல் வேளையில் அந்த மலைப் பாதைகளை நகராட்சியே மூடிவிடுகிறது.

வீட்டுக்குள் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா மாவட்டத்தில் 2023-ல் வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏசி இருந்தது, ஓடவில்லை. கெட்டுப்போன ஏசியைப் பழுதுபார்க்க முதல் வெப்ப அலையில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஏனென்றால் ஊரே அன்றைக்குத்தான் கூப்பிடும். மே மாதமே ஆளை வரவழைத்துப் பாருங்கள். பிள்ளைகள் அலுவலகம் போனதும், கரண்டு செலவாகிறதே என்று ஏசியை அணைத்துவிட்டு, "காத்து வரட்டும்" என்று ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. 40 டிகிரியைத் தாண்டிய காற்றை ஃபேன் மேலே வீசினால் வயதான உடம்புக்கு அது இன்னும் சூட்டைத்தான் ஏற்றும். கிளம்பும் முன் இதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். கோபப்பட்டால் நீங்கள் போன பிறகு அணைத்துவிடுவார்கள்.

வியர்வை விஷயமும் அவர்களை ஏமாற்றும். சென்னையில் சட்டை நனையும், கசகசக்கும், உட்காரத் தோன்றும். இங்கே காற்றின் ஈரப்பதம் சில நாட்களில் 10 சதவீதத்துக்கும் கீழே. வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும். தோல் உலர்ந்தே இருப்பதால் எனக்கு வேர்க்கவே இல்லையே என்பார்கள், உள்ளே நீர் வற்றிக்கொண்டிருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வெளியே நடப்பதாக இருந்தால் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். சாப்பாடும் உப்புப் போட்ட மோரும் கூடவே போகட்டும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குப்பை போட வெறுங்காலோடு போவது, கோயில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது இரண்டையும் நிறுத்துங்கள். மதியத்தில் தார்த்தரை 70 டிகிரிக்குப் போகும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பார்கள். வெயிலில் கிடந்த தோட்டத்துக் குழாயின் முதல் தண்ணீரில் கை வைத்துவிடவும் கூடாது.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழலுக்கோ ஏசி அறைக்கோ கூட்டிப்போய்ப் படுக்கவையுங்கள். பேச்சு குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் பேசினாலோ 911-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றுங்கள், விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வையுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் புகட்ட வேண்டாம். வீட்டு ஏசி நின்றுபோய்ப் போக்கிடம் இல்லையென்றால் 211-ஐ அழைத்தால் பக்கத்தில் எந்தக் குளிர்நிலையம் திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். பல இடங்களில் பொது நூலகமே அந்த நிலையம். இந்த இரண்டு எண்களையும் அப்பா அம்மாவின் போனில் தமிழில் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.