கீழாநெல்லி குடித்தால் கல்லீரல் தப்புமா?

"காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்துவிடுகிறேன் டாக்டர். ராத்திரி ஒரு குவார்ட்டர்தான்." குடியாத்தத்தில் கிளினிக் நடத்தும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. சொல்பவர் கைலி நெசவாளியாக இருப்பார், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவராக இருப்பார். படித்த இளைஞர்கள் கீழாநெல்லிக்குப் பதிலாக மெடிக்கலில் வாங்கிய கல்லீரல் டானிக்கைச் சொல்கிறார்கள். பச்சிலை காவல் இருக்கிறது, குடி தொடரலாம் என்கிற நம்பிக்கை இருவருக்கும் ஒன்றுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். தினமும் இதற்கு மேல் குடிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடுகிறது. வலியே இருக்காது. உள்ளே போன ஆல்கஹாலைக் கல்லீரல் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அந்த நச்சு செல்களின் புரதங்களைக் கெடுக்கிறது. செல்களைக் காக்கும் குளுட்டாதயோன் கரைந்துபோகிறது. மூலிகைச் சாறுகள் கை கொடுப்பதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அது வெறும் கட்டுக்கதை அல்ல. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, மேற்கத்திய நாடுகளில் புகழ்பெற்ற சிலிமாரின் என்கிற மூலிகைச் சத்து ஆகியவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. கல்லீரல் கெடும்போது ரத்தத்தில் ஏறும் கல்லீரல் என்சைம்கள் இறங்கியிருக்கின்றன. ஆனால் அந்த எலிகளுக்குப் பெரும்பாலும் நச்சுக்கு முன்பாகவோ கூடவோ சாறு கொடுக்கப்படுகிறது. ஆல்கஹாலை மட்டும் கொடுத்தால் எலியின் கல்லீரல் நம்முடையதைப்போல எளிதில் சுருங்குவதும் இல்லை. அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு கொடுத்தால், அதற்கு ஈடாக 60 கிலோ மனிதருக்குத் தினமும் சுமார் 2 கிராம் உலர்ந்த சாறு வேண்டும். நெல்லிக்காய் அளவு அரைத்த பச்சிலையில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

மனிதர்களிடம் என்ன கிடைத்தது? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தரமாக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது சிலிமாரின் உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றது. கீழாநெல்லிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சென்னை ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. அது ஹெபடைடிஸ் பி கிருமியைப் பற்றியது, குடியைப் பற்றியது அல்ல. அந்த முடிவும் பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் உறுதிப்படவில்லை.

பிறகு ஏன் ஊரில் அத்தனை பேர் குணமானதாகச் சொல்கிறார்கள்? பத்தியம்தான் காரணம். கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகத் தொடங்கியதும் வைத்தியரிடம் அழைத்துப்போகிறார்கள். மருந்து வேலை செய்ய வேண்டுமானால் குடிக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்கிறார். ஆள் பயந்து நிறுத்துகிறார். சில வாரங்களில் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் இறங்குகிறது. பெயர் இலைக்குப் போகிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களிடமும் இதையே பார்க்கிறேன். ஒரு இலையும் தொடாமல், விரதத்துக்காக மட்டும் குடியை விட்டவருக்கு மண்டலம் முடியும்போது ரத்தத்தில் ஜிஜிடி என்கிற கல்லீரல் என்சைமின் அளவு பாதிக்கும் கீழே வந்திருக்கும். கொழுப்பு மட்டும் படிந்த கல்லீரல், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். பொங்கல் முடிந்து மறுபடி பரிசோதித்தால் சிலருக்கு எண் பழையபடி ஏறியிருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது.

பத்தியத்தில் இன்னொரு பக்கம் உண்டு, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. முட்டை, பருப்பு, எண்ணெய் எதுவும் கூடாது, மோர்சோறு மட்டும் என்று வைத்துவிடுகிறார்கள். வேட்டி முடிச்சுக்கு மேல் வயிறு பானையாக உப்பியிருக்கும். சட்டையைக் கழற்றினால் தோள்பட்டை எலும்பு துருத்தும், நெற்றிப்பொட்டு குழிந்திருக்கும். கல்லீரல் கெட்டவர் உடல் தன் தசையையே தின்று வாழ்கிறது. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை, 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். பருப்பு, சுண்டல், முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். படுக்கும் முன் கொஞ்சம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்தவர்கள் மட்டும் உப்பைக் குறைத்தால் போதும்.

பச்சிலை என்பதாலேயே தீங்கில்லை என்று எண்ண வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். பெயர் தெரியாத சூரணப் பொட்டலம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் திட்டமாட்டேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரிந்தால்தான் வைத்தியம் செய்ய முடியும்.

பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர் வீட்டில் தானாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து நடுக்கமும் பிதற்றலும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் மாத்திரையும் கொடுத்து நிறுத்தினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவசப் போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம், வேலூர் அருகே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், பகலெல்லாம் தூங்கி இரவில் உளறுவது இவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.