குதிரை உதையும் விரிதாள் சார்பும்

பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை 1898இல் லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர் வெளியிட்டார். அதில் பலரும் எடுத்தாளும் பகுதி 10 படைப்பிரிவுகளுக்கானது, 1875 முதல் 1894 வரை. ஒரு பிரிவின் ஓர் ஆண்டை ஒரு பதிவாக வைத்தால் 200 பதிவுகள். இறப்பு 122. ஆக, சராசரி 0.61.

இந்த ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர்கூட இறக்காத பதிவுகள் எத்தனை என்று சொல்லிவிடலாம். அரிய நிகழ்வுகள், ஒன்றையொன்று பாதிக்காமல், மாறாத சராசரியில் நடந்தால் அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலில் அமையும். எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் அதற்கென்றே ஒரு சார்பு உண்டு. (பெயரை ஆங்கில எழுத்தில் POISSON.DIST என்று தட்ட வேண்டும்.)

=பாய்சான்.டிஸ்ட்(0, 0.61, 0)

முதலில் நிகழ்வின் எண்ணிக்கை, அடுத்து சராசரி. விடை 0.5434. அதை 200ஆல் பெருக்கினால் 108.7. உண்மையில் இருந்தவை 109! ஓர் இறப்புக்குக் கணிப்பு 66.3, நடந்தது 65. இரண்டுக்கு 20.2, நடந்தது 22. மூன்றுக்கு 4.1, நடந்தது 3. நான்கு பேர் இறந்த பதிவு ஒன்றே ஒன்று, கணிப்பு 0.6. எத்தனை முறை பார்த்தாலும் இந்தப் பொருத்தம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

உள்ளே நடப்பது எளிய பெருக்கல்தான். 2.71828 என்ற மாறிலியின் அடுக்காக −0.61ஐ வைத்தால் 0.5434 வரும். அதை 0.61ஆல் பெருக்கினால் ஒன்றுக்கான நிகழ்தகவு. மறுபடி 0.61ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் இரண்டுக்கு. அதற்கடுத்து வகுப்பது 3ஆல். வகுக்கும் எண் ஏறிக்கொண்டே போவதால்தான் பரவலின் வால், அதாவது பெரிய எண்ணிக்கைகளுக்கான பகுதி, சட்டென மெலிகிறது.

பலர் தடுமாறும் இடம் அந்த மூன்றாவது எண். 0 கொடுத்தால் 'சரியாக இத்தனை' என்பதற்கான விடை. 1 கொடுத்தால் அதுவரையிலான எல்லாவற்றின் கூட்டுத்தொகை. இரண்டோ அதற்கு மேலோ இறக்க வாய்ப்பு எவ்வளவு?

=1-பாய்சான்.டிஸ்ட்(1, 0.61, 1)

விடை 0.125, அதாவது 200க்கு 25 பதிவுகள், நடந்தவை 26. முதல் எண் இங்கே 1 என்பதைக் கவனியுங்கள். 2 என்று போட்டால் அது 'மூன்றும் மேலும்' என்ற வேறு கேள்வியாகி, விடை 0.024க்குச் சரிந்துவிடும்.

இந்தச் சார்பு எந்தத் தரவுக்கும் மறுக்காமல் விடை தரும். தரவு பாய்சான் பரவலுக்கு ஏற்றதா என்று அது பார்ப்பதில்லை. அந்த வேலை நம்முடையது. பாய்சான் பரவலில் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் (ஒவ்வொரு பதிவும் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கப்படுத்தி எடுத்த சராசரி) சமம். அதைக் கணக்கிடும் வார்.பி (VAR.P) என்ற சார்பை 200 பதிவுகள்மேல் ஓட்டினால் 0.608 வருகிறது. சராசரி 0.61. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தொற்றுநோய்போல ஒரு நிகழ்வு இன்னொன்றைக் கூட்டிவரும் தரவில் விலக்க வர்க்கச் சராசரி சராசரியைத் தாண்டிவிடும். அப்போது பாய்சான் கணக்கு பெரிய எண்ணிக்கைகளின் வாய்ப்பைக் குறைத்தே காட்டும்; அத்தகைய தரவுக்கு, இந்தக் கூடுதல் சிதறலுக்கும் இடம்தரும் எதிர்ம ஈருறுப்புப் பரவலை முயன்று பார்க்கலாம்.